வேலி கேட்ட மாப்பிள்ளை

சுங்குவார்சத்திரம்,
18-11-1991.

மதிப்பிற்குரிய மைத்துனர் சுப்பிரமணி அவர்களுக்கு, தங்கள் தங்கை பங்கஜத்தின் கணவன் நடேசன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் பங்கஜமும் மகள் வினோதினியும் அரிசி மில்லும் சௌக்கியம். மன்னார்குடியில் அண்ணியாரும் குழந்தைகளும் சினைப்பசுவும் அவ்விதமே இருக்க வேண்டும். சென்ற வாரம் நான் எழுதிய கடிதம் கைக்கு வந்திருந்தால் தயவுசெய்து கிழித்துவிடவும். அதில் மறைமலை நகர் மாப்பிள்ளை இளம்பரிதியை மண்ணாசை பிடித்தவன் என்று எழுதியிருந்தேன். அதற்கு அடுத்த வரியை அண்ணியார் படித்திருக்க மாட்டார் என்று நம்புகிறேன். எல்லாவற்றையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அவர்கள் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமையும் மில் ஓடிக்கொண்டுதான் இருந்தது, கரண்ட் இருக்கும்போது மில்லை நிறுத்த எனக்கு மனம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். வினோதினி காபி கொடுத்தாள், பையன் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார், "மாமா, மில்லைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றார். பெண் பார்க்க வந்த இடத்தில் மில்லைப் பார்க்கிறாரே என்று பங்கஜம் கண்ணாலேயே என்னைக் கேட்டாள். போனவர் மோட்டாரைப் பார்த்தார், சக்கரத்தைப் பார்த்தார், ஓடுகிற பெல்ட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார், நெல் கொட்டும் சந்திரம்மாளிடம் என்னவோ விசாரித்தார், குனிந்து தரையைக்கூடச் சாண் போட்டு அளந்தார், இங்கே பஜ்ஜி ஆறிப்போனது. சொத்துக்கு மதிப்புப் போடுகிறார் என்று அப்போதே எனக்குப் பட்டது. பெல்ட்டுக்கு மேலே நான் கட்டியிருக்கும் எலுமிச்சம்பழத்தைக் காட்டி, "இது எதுக்கு மாமா?" என்றார். பாதுகாப்புக்கு என்றேன்.

மறுநாள் தரகர் தேவநாதன் வந்தார். "பையனுக்குப் பொண்ணைப் புடிச்சிருக்குதாம். நகை, பாத்திரம் ஒண்ணும் வேணாமாம். வேலி மட்டும் வேணுமாம். வேலி இல்லாம மேல பேச வேணாம்னுட்டான்" என்றார். எங்கள் பக்கம் வேலி என்றால் முள்வேலிதான், எனவே எனக்கு ஒன்றும் புரியவில்லை. உங்கள் தங்கைக்குப் புரிந்துவிட்டது, தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்தவள் அல்லவா. "வேலின்னா நிலங்க. ஒரு வேலி அஞ்சு காணி. அன்னிக்குத் தரையை அளந்தப்பவே நெனச்சேன்" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சூட்டில் எழுதியதுதான் அந்தக் கடிதம். எழுதியும் ஆத்திரம் அடங்காமல், நாலு வார்த்தை நேரில் கேட்டுவிடலாம் என்று பஸ் பிடித்து அவர் வேலை செய்யும் மோட்டார் கம்பெனிக்கே போனேன்.

அங்கே பாதுகாப்பு அதிகாரி அவர்தான். கேட்டில் என் வேட்டியைக் கண்டதும், "மெஷின் கிட்ட தொளதொளன்னு துணி வரக் கூடாது மாமா, சட்டம்" என்று யாருடைய பேன்ட்டையோ வாங்கிக் கொடுத்தார். என் கல்யாணத்துக்கே பேன்ட் போடாதவன் நான். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோபப்படுவது எவ்வளவு சிரமம் என்பது அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். "அஞ்சு காணிக்கு நான் எங்க போவேன் தம்பி?" என்றேன். அவர் திருதிருவென்று விழித்தார். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னை ஒரு மெஷினிடம் கூட்டிப்போய், பெல்ட்டைச் சுற்றியிருந்த இரும்பு வலைக்கூண்டைத் தட்டிக் காட்டினார். "இதான் மாமா வேலி. சட்டத்துல அப்படித்தான் சொல்லுவாங்க. இதைப் போடுறது மொதலாளி கடமை. போட்டதைக் கழட்டாம இருக்கிறது தொழிலாளி கடமை."

"என் மில்லுல நாலு பேருதானே, சட்டம் எனக்குமா?" என்று விடாமல் கேட்டேன்.

"சட்டம் எத்தினி பேருன்னு எண்ணும் மாமா. பெல்ட்டு எண்ணாது. அந்தம்மா முந்தானைக்கும் பெல்ட்டுக்கும் நடுவுல ஒரு சாண்தான் கீது. நாளைக்கு அது சுத்திக்கிச்சின்னா, அந்த வூட்டுக்கு நான் மாப்பிள்ளையா வந்து இன்னா பண்றது?"

மச்சான், அந்த நேரம் பார்த்து கம்பெனியின் பெரிய மானேஜர் வெறுந்தலையோடு உள்ளே வந்தார், நம் பையன் அவரையும் நிறுத்தி ஹெல்மெட்டைக் கொடுத்தார். அவ்வளவு பெரிய மனிதர் "சாரிப்பா" என்று வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். இப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. பெருமையில் இடுப்பிலிருந்த கையை எடுத்துவிட்டேன், மீதியை எழுத வேண்டாம்.

வந்ததும் வெல்டரைக் கூட்டிவந்து பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் கூண்டு போட்டுவிட்டேன். சந்திரம்மாள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இத்தினி நாளா பெல்ட்டைப் பாத்துகினே நெல்லைக் கொட்டுவேன் மொதலாளி. இன்னிக்குத்தான் நெல்லைப் பாத்துக் கொட்டுறேன்" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தவிட்டுத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன். நான் கண்ணெதிரே வைத்துக்கொண்டு பார்க்காததைப் பார்க்க மறைமலை நகரிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தது. இந்தப் பிள்ளைக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குப் பெண்ணைக் கொடுப்பேன்? தையில் முகூர்த்தம் வைக்கிறோம். நீங்கள் குடும்பத்தோடு முன்கூட்டியே வந்து தாய்மாமன் முறையை நிறைவாகச் செய்து தர வேண்டும். அண்ணியாருக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசி, பசு நல்லபடியாகக் கன்று ஈன வேண்டும் என்று பங்கஜம் வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
நடேசன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குமுன் வினோதினிக்குப் படித்துக் காட்டினேன். சிரித்துக்கொண்டே நின்றாள். என்னவென்று கேட்டேன். "மில்லுக்குப் போய் அந்த பெல்ட்டைப் பாருங்க, கூண்டு போட்டாத்தான் கல்யாணம்னு எங்கப்பாகிட்ட சொல்லுங்கன்னு, காபி குடுக்கும்போது நான்தான்பா அவர்கிட்ட மெதுவா சொன்னேன்" என்றாள். "என்கிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா" என்றேன். "ரெண்டு வருசமா சொல்லிகினுதானேப்பா இருக்கேன்" என்றாள். ஆகவே மேலே மாப்பிள்ளையைப் புகழ்ந்த இடங்களிலெல்லாம் வினோதினி என்று மாற்றிப் படித்துக்கொள்ளவும். அவருக்கு ஒரு பெருமையை மட்டும் விட்டுவைக்கலாம். அவள் சொன்னதை அவர் முதல் தடவையிலேயே காதில் வாங்கினார்.