பொன்னாடை அண்ணையும் மஞ்சள் உடுப்பும்

அன்று ஷ்லீரன் முதியோர் இல்லத்தின் சாப்பாட்டு மண்டபத்தில் இருந்தவர்கள்: அங்கே வசிக்கும் பத்தொன்பது பேர், நிர்வாகி அம்மா, ஒரு பல் வைத்தியர், பொன்னாடை அண்ணை, சமையலறை ஏப்ரனோடு நான்.

சூரிச் பக்கத்தில் பொன்னாடை அண்ணையிடம் சால்வை வாங்காத தோளே கிடையாது. ஓட்டுநர் சோதனையில் தன்னைப் பெயிலாக்கிய சுவிஸ்காரருக்கே போர்த்தியவர். "நேர்மையான மனுசன், மதிக்க வேண்டாமோ?" என்றார். இரண்டாம் தடவையும் பெயில். இரண்டாம் சால்வை.

எங்கள் இல்லத்தில் வசிக்கும் எண்பது வயது அமெரிக்க நடிகைக்கு விழா எடுக்கிறார்கள் என்று அவரிடம் உளறியது நான்தான். கறுப்பினப் பெண்ணுக்கு வேலைக்காரி வேடம் மட்டுமே கிடைத்த காலத்தில், இசை நாடகத்தில் கதாநாயகியாக நின்று பாடியவர் அந்த அம்மா.

"இவவுக்குப் போர்த்தாமல் வேற ஆருக்கடா போர்த்திறது?" என்று அண்ணை உருகிவிட்டார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தெரியாது என்று சொல்ல எப்போதும் பயம். சமையலறையில் நிற்பவனுக்கு அந்த அம்மாவின் தட்டு தெரியும், முகம் தெரியாது. விழாவன்று மண்டப வாசலில் வைத்து அண்ணை கேட்டார்.

"ஆரடா அவ?"

முன்வரிசையில் மஞ்சள் உடுப்போடு ஒரு கறுப்பினப் பெண். "அவதான்."

"எண்பது எண்டாய். ஐம்பதுதான் மதிக்கலாம்."

"நடிகையள் வயசைக் காட்டமாட்டினம், அண்ணை."

"சுவரில இருக்கிற அவவின்ர படத்தில மூக்கு வேற மாதிரிக் கிடக்கு."

"வயசு போனால் மூக்கும் மாறும்."

அண்ணை போய்ப் போர்த்தினார். ஜெர்மனில் எழுதி வந்த வாழ்த்தை உரக்க வாசித்தார். மஞ்சள் உடுப்புக்காரர் முடியும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் அவருடைய பல் வைத்தியர்" என்றார்.

பின்வரிசையில், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை போட்ட மூதாட்டி ஒருவர் கையை உயர்த்தினார். "எண்பது வயதிலும் என் வேடத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்களே!"

மண்டபம் சிரித்தது. அவருடைய கண் சிரிக்கவில்லை.

'சுவிஸ்காரருக்குத் தமிழர் எல்லாரும் ஒரே முகம்' என்று இருபது வருடமாகத் திட்டித் திரிகிற வாய் என்னுடையது. காதுவரை சுட்டது.

"யார் இவரைக் காட்டியது?" நிர்வாகி அம்மா என் பக்கம் திரும்பினார். அந்த வாய் திறக்கவில்லை.

"ஒருத்தரும் காட்டேல்லை. நானாத்தான் போனனான்" என்று அண்ணை தன் உடைந்த ஜெர்மனில் சொல்லித் தலை குனிந்தார். பல் வைத்தியர் சால்வையைக் கழற்றி, பின்வரிசையில் இருந்த நடிகை அம்மாவுக்குப் போர்த்தினார்.

"வாழ்த்தைத் திரும்ப வாசியுங்கள்," என்றார் நடிகை அம்மா. "இந்தத் தடவை என்னைப் பார்த்து."

அண்ணை முதல் வரியிலிருந்து வாசித்தார். மூன்று பக்கம்.

காரில் கேட்டேன். "ஏன் அண்ணை பொய் சொன்னனீங்கள்?"

"நாளைக்கு நீ அங்க வேலைக்குப் போகவேணுமெல்லோ. பேசாமல் இரு."

மறுநாள் அந்த அம்மாவின் காலைச் சாப்பாட்டை நானே அறைக்குக் கொண்டுபோனேன். உண்மையைச் சொல்லத்தான் போனேன்.

"உங்கள் நண்பர் நல்ல மனிதர்," என்றார் அவர். "ஆனால் ஒரு கண்ணாடி வாங்கிப் போடச் சொல்லுங்கள்."

அண்ணையின் கண்ணில் ஒரு குறையும் இல்லை. சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.