பெண் பார்க்கப் போன பஸ்ஸும் நான் திருகிய ஸ்க்ரூவும்

கையில் ஸ்பேனர் கிடைத்துவிட்டால் எதையாவது திருகாமல் இருக்க முடியாத ஆண்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் நான் முக்கியமானவன். (எங்கள் வீட்டு மிக்ஸியை நான் கழற்றிப் பூட்டிய பிறகு அம்மா அம்மிக்குத் திரும்பிவிட்டார்.) போதாக்குறைக்கு மெக்கானிக்கல் டிப்ளமோ வேறு.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, திருப்பூரில் ஆர்டர் கொட்டிய காலம். அப்பா தன் சின்ன பனியன் கம்பெனிக்கு ஆட்களைக் கூட்டிவர ஒரு பழைய பஸ் வாங்கியிருந்தார். பழசுதான், ஆனாலும் பவர் ஸ்டியரிங் வைத்தது. எனக்குக் கொமரலிங்கத்தில் பெண் பார்ப்பதென்று முடிவானதும் சொந்தபந்தம் அத்தனையையும் அதிலேயே ஏற்றுவதாகத் தீர்மானித்தார். நானோ பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து தரையில் நடக்கவில்லை.

அப்பாவுக்கு ஒரே ஒரு பயம். முன்பு தாராபுரத்தில் எனக்கு ஒரு சம்பந்தம் கூடிவந்தபோது, பெண் வீட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கார் பஞ்சராகி நின்றது. சகுனம் சரியில்லை என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்த முறை வண்டி நடுவில் நிற்கவே கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

முந்தின நாள் சாயங்காலம் டிரைவர் சுடலை அண்ணன் என்னிடம் வந்தார். திருநெல்வேலிக்காரர்.

"தம்பி, ஸ்டியரிங்ல லேசா ஆட்டம் இருக்கு. வீரபாண்டி மெக்கானிக் கடையை அடைச்சிட்டுப் போயிட்டான். நாளைக்கு மெதுவா ஓட்டிக்கிடுதேன், பயப்படாதீங்க."

நான் பயப்படவில்லை, பரவசப்பட்டேன். அவர் வீட்டுக்குப் போனதும் ஸ்பேனரோடு பஸ்ஸுக்கு அடியில் நுழைந்தேன்.

ஸ்டியரிங் பாக்ஸில் ஒரு ஸ்க்ரூவும் அதைப் பிடித்துக்கொள்ள ஒரு லாக் நட்டும் இருக்கும். நட்டைத் தளர்த்தி ஸ்க்ரூவை டைட் வைத்தால் ஆட்டம் குறையும். இதுவரைக்கும் எனக்குத் தெரியும். முன் டயரை நேராக நிறுத்திவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும் என்பது தெரியாது. பாக்ஸுக்குள் இருக்கும் பற்கள், டயர் நேராக இருக்கும்போதுதான் நெருங்கிப் பொருந்தும். திரும்பியிருந்தால் கொஞ்சம் இடைவெளி இருப்பது இயல்பு. எங்கள் பஸ்ஸோ துணி மூட்டைகளுக்கு இடம் விட்டு, டயரை முழுசாக ஒடித்தபடி நின்றது. அந்த இயல்பான இடைவெளியையும் ஆட்டமென்று நினைத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினேன். அசைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஆட்டம் இல்லை. எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன்.

காலையில் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் பெருமை தாங்காமல் சுடலை அண்ணனிடம் கேட்டேன்.

"எப்படீங்கண்ணா? ஆட்டமே இல்லை பாத்தீங்களா?"

"ஆட்டமும் இல்ல, அசைவும் இல்ல. என்ன தம்பி செஞ்சீங்க?"

"புதுசா டைட் வெச்சிருக்குதுங்க. ஓட ஓடச் சரியாயிரும்."

சரியாகவில்லை. நேர் ரோட்டில் கோடு கிழித்தது போலப் போனது. வளைவில் திருப்பிவிட்டாலோ, நேராகும் இடத்தில் பற்கள் இறுகிக்கொண்டு மறுபடி நேராக வர மறுத்தது. ஒவ்வொரு வளைவிலும் சுடலை அண்ணன் கிணற்றில் தண்ணீர் இறைப்பவரைப் போல எழுந்து நின்று இழுத்தார். இறங்கித் தளர்த்தலாமென்றால், பட்டுச்சட்டையில் கிரீஸ் படுமென்று ஸ்பேனரைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

கொமரலிங்கத்தில் பெண் வீட்டுத் தெருவுக்கு முன்னால் ஒரு பிள்ளையார் கோயில். அதை வலப்பக்கமாகச் சுற்றித்தான் தெருவுக்குள் நுழைய வேண்டும். பஸ் அழகாகத் திரும்பியது. திரும்பிக்கொண்டே இருந்தது. தெருமுனை வந்தது, போனது. பெண் வீட்டார் வாசலில் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தபடி கடந்துபோனோம்.

"நிறுத்தட்டுமா முதலாளி?"

"நிறுத்திப் போடாதப்பா. நின்னா இந்தச் சம்பந்தமும் போச்சு" என்றார் அப்பா.

இரண்டாவது சுற்றில் நான் பாய்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கால் வழுக்கிச் சுடலை அண்ணன் மடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். சட்டை அக்குளில் கிழிந்தது. அதற்குள் தெருமுனை மறுபடி தாண்டிவிட்டது. பின்சீட்டில் இருந்த அத்தை இது ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து மொத்த பஸ்ஸும் ஜன்னல் வழியாகக் கோயிலைக் கும்பிட்டது. மூன்றாவது சுற்றில் இருவரும் சேர்ந்து உயிரைக் கொடுத்து இழுக்க, டயர் நேரானது. பஸ் வாசலில் போய் நின்றது.

பெண்ணின் அப்பா கண்கலங்க வந்து என் கையைப் பிடித்தார்.

"ஊருக்குள்ள வந்ததும் பிள்ளையாரை மூணு சுத்து சுத்திப்போட்டுத்தான் ஊட்டுக்கு வர்றீங்க. இந்தக் காலத்துல இப்படி ஆரு இருக்கறாங்க கண்ணு?"

"எங்க ஊட்டு வழக்கமுங்க" என்றார் அப்பா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

பெண்ணோடு தனியாகப் பேசச் சொன்னார்கள். போட்டோவைவிட அழகாக இருந்தாள். கதவருகே நின்று மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்க, உங்க ஊட்டு வழக்கத்துல மாப்பிள்ளை டிரைவர் மடியில உக்காரோணுமுங்களா?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால் அப்பா மானம் போகும், அதோடு இவளும் போய்விடுவாள். இவளை விடக் கூடாது என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அந்தப் பதற்றத்தில் ஸ்க்ரூ, லாக் நட், கிழிந்த அக்குள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உளறிவிட்டேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குச் சம்மதமுங்க. எங்கப்பாகிட்ட மட்டும் இதைச் சொல்லீராதீங்க" என்றாள். (நான் உள்ளே கேசரி தின்ற நேரத்தில் சுடலை அண்ணன் ஒரு டிராக்டர்காரரிடம் ஸ்பேனர் வாங்கித் தளர்த்திவிட்டார். என்னைக் கிட்டவே விடவில்லை.)

நாங்கள் சொல்லவில்லை. அதுதான் வினையாகிப்போனது. கல்யாணத்தன்று மாமனார் எங்கள் காரைக் கோயிலை மூன்று சுற்று வரவைத்தார். அடுத்து அவர் தம்பி மகளுக்கு வந்த மாப்பிள்ளை சுற்றினார். அப்புறம் பக்கத்துத் தெரு. இப்போது அங்கே பெண் எடுக்க வரும் எந்த வண்டியும் பிள்ளையாரைச் சுற்றாமல் தெருவுக்குள் நுழைய முடியாது.

போன தை மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு மாப்பிள்ளை பெரிய காரில் நேராக வாசலுக்கே வந்துவிட்டார். மாமனார் வண்டியைக் கோயிலுக்கே திருப்பி அனுப்பினார்.

"எங்க மாப்பிள்ளை ஓட்டை பஸ்ஸுலயே சுத்துனாருங்க. உங்க புதுக் காருக்கு என்னங்க?"

அந்தப் பையன் பயந்துபோய்ச் சுற்றினான். ஊரே கைகூப்பி நின்றது. பக்கத்தில் என் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள். நானும் பக்தியோடுதான் நின்றேன். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தக் கார் தானாகவே நேரானதைப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.