ஏலக்காரர் ஊசி போட்டுக்கொண்டது

“குக்கரா? குக்கருக்கெல்லாம் மசியமாட்டேன்,” என்று மடித்த சட்டைக் கையை மறுபடி இறக்கிவிட்டார் ஏலக்காரர்.

தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி முகாம். கூட்டம் சேரவில்லை என்று, முதல் வாரம் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு வாளி கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் ஃபிளாஸ்க். இது மூன்றாவது வாரம், குக்கர். மனைவி முதல் நாளே போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். அவள் கொண்டுவந்த வாளியில்தான் இவர் குளிக்கிறார். ஆனாலும் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே. இருபத்திரண்டு வருஷமாகப் பழைய சாமான் ஏலம் விடுகிறவர். முதல் கேள்விக்கே சுத்தியலைத் தட்டுகிறவன் மடையன் என்பது அவர் கட்சி.

“வாளி ஒரு தரம். ஃபிளாஸ்க் ரெண்டு தரம். ஏறிக்கிட்டே வருது பாரு. அடுத்த வாரம் ஃபேன் வரும்.”

“போன வருஷம் காய்ச்சல் நெஞ்சுல இறங்கி பதினோரு நாள் ஆஸ்பத்திரியில கிடந்தீங்களே, அப்ப எந்த ஃபேன் வந்து மூச்சு கொடுத்துச்சு?”

அந்தப் பதினோரு நாளும் அவள் கட்டிலுக்குக் கீழே தரையில் படுத்திருந்தாள். அதைச் சொல்லவில்லை. பேச்சையும் அத்தோடு விட்டுவிட்டாள். அவள் பேச்சை விட்டால், தான் ஜெயித்துவிட்டதாக அவர் கணக்கு.

மறு சனிக்கிழமை பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் மதிலுக்கு மேல் தலையை நீட்டினான். முகாமுக்கு டேபிள் ஃபேன் வந்திருக்கிறதாம். எல்லாம் போய் ஒன்றே ஒன்றுதான் பாக்கியாம். குளித்துவிட்டுப் போய் அதைத் தூக்கிவரப் போகிறானாம்.

அவன் தலை மறைவதற்குள் இவர் தெருவில் இருந்தார். ஒரு காலில் தன் செருப்பு, இன்னொரு காலில் மனைவியுடையது.

இடது கையில் ஊசி ஏறியது. பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஃபேன் எங்கே என்று கேட்டார். பரிசெல்லாம் குக்கரோடு நின்றுபோயிற்று, ஃபேன் என்ற பேச்சே இல்லை என்றாள் நர்ஸ். வேண்டுமானால் காய்ச்சல் மாத்திரை இரண்டு தருவதாகச் சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பினால், கூடத்தில் எலக்ட்ரீஷியன் காபி குடித்துக்கொண்டிருந்தான். குளித்த மாதிரி தெரியவில்லை.

“ஏம்ப்பா, நீ ஊசி போடப் போகலையா?”

“நான் முதல் வாரமே போட்டாச்சே அண்ணே. அண்ணிதான் இப்படிச் சொல்லச் சொன்னாங்க.”

ஏலக்காரர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாமான் விலை ஏறாவிட்டால் கூட்டத்துக்குள் தன் ஆள் ஒருவனை நிறுத்தி, போட்டிக்கு விலை கேட்க வைப்பது அவருடைய தொழில் ரகசியம். இதுவரை ஒருவனும் கண்டுபிடித்ததில்லை. மனைவியிடம் மட்டும் ஒரு தடவை பெருமையாகச் சொல்லியிருந்தார்.

“என் வித்தையை என்கிட்டயே காட்டிட்டியே.”

“சாமான் ரொம்பப் பழசு,” என்றாள் அவள். “வேற எப்படித் தள்ளிவிடுறது?”

அவர் எழுந்துபோய் முகம் கழுவினார். கொடியில் கிடந்த துண்டை எடுக்க இடது கையைத் தூக்கினார். கை பாதியில் நின்றது. அவள் துண்டை உருவி அவருடைய வலது தோளில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.