செய்வினை அல்ல, எறும்பு

சுருவில்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பெறாமகன் சிவகரனுக்குப் பெரியம்மா எழுதிக்கொள்வது,

இங்கு நான் சுகம். உமது கால் வீக்கம் வற்றியிருக்க அம்மனை வேண்டுகிறேன். முதலில் ஒரு திருத்தம். நான் உமக்குச் 'செய்விணை' வைத்துவிட்டதாக ஊரில் கதைக்கிறார்கள் என்று கைத்தொலைபேசியில் எழுதியிருந்தீர். அது செய்வினை. இரண்டு சுழி. கன்னியர் மடத்தில் படித்தவள் மீது பழி போடுவதென்றாலும் எழுத்துப் பிழையில்லாமல் போட வேண்டும். இரண்டாவது திருத்தம், நான் வைத்தது எறும்பு மருந்து.

போன வருடம் உமது பெரியப்பாவின் திவசத்தில் படையல் வடையில் எறும்பு ஏறி, ஐயர் "இது எச்சில் பட்டிட்டுது அம்மா, வேற கொண்டாங்கோ" என்று எல்லோர் முன்னிலையிலும் திருப்பி அனுப்பினாரே, அந்த வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் இந்த வருடம் முன்கூட்டியே தொடங்கினேன். எறும்பு வெண்கட்டி வாங்கி, குசினியில் சீனிப் போத்தலைச் சுற்றிக் கோடு கீறினேன். கீறி முடித்துக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் எறும்பெல்லாம் கோட்டுக்கு உள்ளே நிற்கிறது. வெளியே போக வழியில்லாமல் போத்தலிலேயே குடியேறிவிட்டன. கறுவாத்தூள் போட்டேன், சுற்றிக்கொண்டு போயின. வினாகிரி தெளித்தேன்; அது காயும்வரை மரியாதையாக ஒதுங்கி நின்றுவிட்டு வந்தன. அலுமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் வைத்தேன், சுவரால் இறங்கின. கடைசியில் கைத்தொலைபேசி வீடியோவில் யாரோ ஒரு பெண் 'எலுமிச்சம்பழம்' என்று சொன்னபடி, தேசிக்காய்களை இரண்டாக வெட்டி, மஞ்சளும் உப்பும் தடவி, வீட்டின் நான்கு மூலையிலும் வாசற்படியிலும் வைத்தேன். பார்ப்பவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. என் கண்ணுக்கு எறும்பு மட்டும்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுச் சறோஜினிதேவி வேலியால் எட்டிப் பார்த்திருக்கிறா. நான் படியடியில் குந்தியிருந்து, "குடும்பத்தோட அழிஞ்சு போங்கோ, ஒரு குஞ்சு குருமானும் மிஞ்சக்கூடாது" என்று சொன்னது உண்மை. எறும்புக்குத்தான் சொன்னேன். அந்த நேரம் பார்த்துத்தான் நீர் தேங்காய் எடுக்க வந்து அந்தத் தேசிக்காயைக் கடந்தீர். திரும்பிப் போகையில் பண்ணைப் பாலத்தடியில் மோட்டார் சைக்கிள் சறுக்கியது. நாய் குறுக்கே பாய்ந்ததென்று நீரே சொன்னீர். இப்போது அந்த நாயையும் நான்தான் அனுப்பினேன் என்கிறார்கள்.

நேரே போய்க் கேட்டேன்.

"சறோ, எறும்புக்கு வைச்சதை ஏன் ஊரெல்லாம் வேற மாதிரிச் சொல்லித் திரியிறீர்?"

"எறும்புக்கு எண்டால் தேசிக்காய் என்னத்துக்கு அக்கா? எங்கட வீட்டு எறும்பு மண்ணெண்ணெய்க்கே போயிட்டுது."

"போனது எங்கை? என்ர வீட்டைத்தான் வந்து நிக்குது."

"பாத்தியளே, ஆருடைய எறும்பு எங்கை போகுது எண்டுகூட அக்காவுக்குத் தெரியுது!"



சிவகரன், இது பகிடி இல்லை. இந்த மாதக் கடைசியில் திவசம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. எள்ளும் தண்ணீரும் இறைக்க உம்மைத் தவிர ஆளில்லை. எப்போதும் "ஓம் பெரியம்மா" என்கிற நீர், இந்த முறை "பாப்பம் பெரியம்மா" என்றீர். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வடையென்றால் இரண்டாம் முறை சுடலாம். உமக்குப் பதிலாக நான் யாரை இருத்துவது? படித்த பிள்ளை, உத்தியோகம் பார்க்கிற பிள்ளை, இப்படியான மூடநம்பிக்கைக்கு இடம் கொடுக்கலாமா?

உமது கால் கெதியில் ஊன்றட்டும். வீட்டில் எல்லோரும் நோய் நொடியின்றி இருக்கட்டும்.

இங்ஙனம்,
உமது பெரியம்மா
அன்னபூரணம்

பி.கு.: வெண்கட்டி தொடக்கம் தேசிக்காய் வரை ஒன்றும் சரிவராதபடியால், மடத்துவெளியிலிருந்து வைத்திலிங்கம் என்பவரை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அவர் தண்ணீர் ஓதித் தெளித்தால் எறும்பு அந்த வளவுப் பக்கமே திரும்பாதாம். எறும்புக்கு மட்டும்தான். அதற்குக் குடும்பத்து ஆண்பிள்ளை ஒருவரின் பெயரும் நட்சத்திரமும் வேண்டுமாம். உம்முடையதைத்தான் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் சொல்ல வேண்டாம். எனக்குக் காது மந்தம். நான் திருப்பிச் சத்தமாகக் கேட்க, சறோஜினிதேவிக்குப் போய்விடும். திவசத்துக்கு வருவீரா என்பதையும் உமது நட்சத்திரத்தையும் தயவுசெய்து எழுத்தில் அறியத் தரவும்.