பன்றிக்கறியில் ஊற்றிய மணநாள் வைன்

சரிபார்க்க இயன்றவற்றை மட்டுமே எழுதுகிறேன். இக்கதை எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் பருத்து வருகிறது; நான் ஒரு பீப்பாயையே கவிழ்த்தேன் என்று தங்கையின் பிள்ளைகள் நம்புகிறார்கள். கவிழ்ந்தது ஒரே போத்தல், அதுவும் சின்னது.

இலங்கை மலையகத்தில், தெமோதரைக்கு மேலே பழைய தோட்டத்துரை பங்களா ஒன்று விடுதியாகியிருந்தது. அங்கே நான் தற்காலிகமாகப் பரிமாறுபவன். ஜெர்மானியத் தம்பதியரின் மணநாள் ஆண்டுநிறைவு விருந்து நன்றாக முடிந்தால் வேலை நிரந்தரம் என்றார் மேலாளர். ஆகவே ஜெர்மன் வெள்ளை வைன்களின் படிவரிசையை மனனம் செய்தேன். முதலில் பறித்த திராட்சையில் செய்வது கபினெட்; தாமதித்துப் பறித்தது ஸ்பெட்லேஸ; கொடியிலேயே சுருங்கிப் பூஞ்சணம் படர்ந்த பழங்களைப் பொறுக்கிச் செய்வது வரிசையின் கடைசி.

பாடம் பிழையற்றது. பொருள்கொண்டதில்தான் கெட்டேன். நான் தேயிலைக் கொழுந்து பறிப்பவளின் மகன்; தளிரே உயர்வு, முற்றியதைக் கூடையில் கண்டால் கங்காணி கீழே கொட்டிவிடுவார். (திராட்சைக்குக் கங்காணி இல்லை என்று யாரும் சொல்லவில்லை.)

அன்று மாலை அந்த ஜெர்மானியர் இரண்டு போத்தல்களை என்னிடம் நீட்டினார். "ஒன்று எங்கள் மேசைக்கு, மற்றது சமையலறை நண்பர்களுக்கு. எது எதற்கென்று நீங்கள் அறிவீர்கள்" என்றார் ஆங்கிலத்தில். அறிவேன் என்று தலையசைத்தேன்.

ஒட்டுச்சீட்டைப் படித்துப் பார்த்து, வரிசையின் கடைசிப் படிப் போத்தலைச் சமையற்காரர் செல்வம் அண்ணனிடம் கொடுத்தேன்.

"என்னா தம்பி, இத்துனூண்டு போத்தலு? ஆளுக்கு ஒரு மொடக்குகூட வராதே!"

"குடிக்காதீங்கண்ணே. காஞ்சு பூஞ்சணம் புடிச்ச பழத்துல செஞ்சது. பன்றிக்கறியில ஊத்திருங்க."

"படிச்ச புள்ள சொல்ற. ஊத்திட்டாப் போச்சு."

மேசையில் கபினெட்டை ஊற்றினேன். அவர் ஒரு வாய் அருந்திவிட்டு, எதற்கோ காத்திருப்பவர்போல் புன்னகைத்தார். அம்மையாரோ கறியை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். "இதில் இவ்வளவு இனிமை எங்கிருந்து வந்தது?"

"உங்கள் மற்றப் போத்தலிலிருந்துதான், மேடம்" என்றேன் பெருமையுடன்.

கணவரின் கரண்டி தட்டில் விழுந்தது. தாமதிக்கத் தாமதிக்கத் திராட்சையில் சர்க்கரை ஏறும் என்றும், அந்தச் சுருங்கிய பழமே வரிசையின் உச்சி என்றும் மெல்லச் சொன்னார். அது அவர்கள் மணமுடித்த ஆண்டின் வைன். இந்த மாலைக்காகவே காத்திருந்தது. அம்மையார் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின.

வேலை நிரந்தரமாகவில்லை, மறுநாளே பெட்டியுடன் பதுளை பஸ்ஸில் இருந்தேன். இன்றும் வீட்டில் மாம்பழம் கனிந்து தோல் சுருங்கினால் அம்மா குரல் கொடுப்பாள்: "பெரியவன் கண்ணுல காட்டாதீங்கடி, கறியில போட்டுருவான்!"

அந்த அம்மையார் சிரித்தாரா, அழுதாரா என்பது எனக்குத் தெரியாது. அந்த வைனின் சுவையும் தெரியாது. கறிச்சட்டியை வழித்துத் தின்ற செல்வம் அண்ணனைக் கேட்டேன். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார்.