தற்காலிக மைதானத்தின் நிரந்தர ஏற்பாடுகள்

நகராட்சிக்குச் சொந்தமான அந்தக் காலியிடம் பல வருடங்களாகச் சும்மா கிடந்தது. சும்மா என்றால், நகராட்சியின் கண்ணுக்குச் சும்மா. சாயங்காலமானால் அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகள் அங்கே கால்பந்து ஆடுவார்கள். ஓர் ஓரமாக ஒரு நாடகக் குழு தொண்டை கிழிய வசனம் பழகும். ஆனால் உத்தரவு இல்லாமல் நடப்பதெல்லாம் நடப்பதில் சேர்த்தியா? ஆகவே அவ்விடத்தைத் 'தற்காலிகக் கலை மற்றும் விளையாட்டு வளாகமாக' மேம்படுத்துவதென்று ஆணையர் பெருமனது கொண்டு தீர்மானித்தார். பெரிய நகரங்களில் இப்போது இதுதான் நாகரிகமாம்.

வேலை உதவிப் பொறியாளரின் தலையில் விழுந்தது. மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஏனென்றால் அங்கே கோல் காப்பவள் அவருடைய மகள். மேடுபள்ளத்தில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டு வராத நாளில்லை. திறப்பு விழாவில் அவள் அணிக்குத்தான் முதல் ஆட்டம் என்று ஆணையரிடம் சம்மதமும் வாங்கிவிட்டார்.

"மண்ணை மட்டும் சமமாக்கிக் குடுங்கப்பா. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள் மகள்.

"அடப் போடி, அது எம்மாத்திரம்" என்றார் அப்பா.

மண்ணைச் சமமாக்கினார். அத்தோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் நகராட்சியில் ஒரு பிரிவு வேலை செய்தால் மற்றப் பிரிவுகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. சுகாதாரப் பிரிவு கழிப்பறை வரிசை கட்டியது. கலைப் பிரிவு மேடை போட்டது. வருவாய்ப் பிரிவு நுழைவுச் சீட்டு அறை எழுப்பியது. தீயணைப்பு வண்டி வர ஒரு பாதை, அது திரும்ப இன்னொரு பாதை. பிள்ளைகளுக்கு மைதானம் வேண்டுமென்று ஊர்வலம் போன குடியிருப்போர் சங்கம், முதல் வேலையாகக் கார் நிறுத்த இடம் கேட்டது. மருந்துக்கடைக்காரர் சாய்மானம் உள்ள நாற்காலி கேட்டார். வக்கீல் அதையே கைப்பிடியோடு கேட்டார்.

வீட்டிலும் விடவில்லை. "ஊரையே உக்கார வைக்கிறீங்க, எங்கண்ணன் குடும்பம் மட்டும் நிக்கணுமா?" என்றாள் மனைவி. மைத்துனருக்கு முன்வரிசை போட்டதில், மிச்சமிருந்த மண்ணும் போயிற்று. போட்டவர் உதவிப் பொறியாளரேதான்.

அவர் ஆணையரிடம் ஓடினார். "ஐயா, எல்லாம் வந்துடுச்சுங்க. பந்து உருளத்தான் இடமில்ல."

"தற்காலிகம்தானேய்யா? அதுனால பரவாயில்ல."

"எதுங்கய்யா தற்காலிகம்?"

"விளையாட்டுதான். ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடுது. நாற்காலி அப்படியா?"

வெளியே வந்தால் மகள், பந்தும் கையுமாக நிற்கிறாள். "நாங்க எங்கப்பா ஆடறது?" என்றாள். அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். தடவிய கையோடு, அடுத்த விழாவில் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திறப்பு விழா அமர்க்களம். ஒரு பக்கத்து நாற்காலிகள் எதிர்ப்பக்கத்து நாற்காலிகளைப் பார்த்தபடி இருந்தன. ஜனங்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக் கைதட்டினார்கள். சிறப்பு விருந்தினர் பந்தை உதைத்துத் தொடங்கிவைக்க வேண்டும். வேறு இடமில்லாததால் மேடையில் நின்றே உதைத்தார். பந்து மதிலைத் தாண்டிச் சாலையில் போய் விழுந்தது.

சாலையில் பிள்ளைகள் கோலுக்குச் செங்கல் வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். வந்த பந்தை ஒருத்தி அப்படியே வாங்கி அடிக்க, உதவிப் பொறியாளரின் மகள் தார்ச்சாலையில் பாய்ந்து பிடித்தாள். கூட்டம் முழுவதும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மதிலுக்கு மேலாக எக்கிப் பார்த்து ஆரவாரம் செய்தது. அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்குத்தானே இத்தனை பாடு என்று இருந்தது.

விருந்தினர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "இந்தச் சாலை யாருக்குச் சொந்தம்?"

"நம்ம நகராட்சிக்குத்தான் ஐயா" என்றார் ஆணையர்.

"பிறகென்ன? இதையும் மேம்படுத்துங்கள்."

கரவொலி அடங்க வெகுநேரம் ஆயிற்று. குடியிருப்போர் சங்கத் தலைவர் அப்போதே எழுந்து, சாலையோர இருக்கைகளில் சங்கத்துக்கு முன்னுரிமை வேண்டுமென்றார். உதவிப் பொறியாளரும் தட்டிய கையை நெற்றிக்குக் குடையாக வைத்து, சாலையின் எந்தப் பக்கம் நிழல் விழுகிறதென்று பார்க்க ஆரம்பித்தார்.

அப்பாவின் பார்வை போன திக்கைக் கண்டதும், மகள் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.