பின்பாதி முன்னால் ஓடிய நாள்

என் மூத்தாரின் பேரனும் இன்றைய தியேட்டர் முதலாளியுமான உனக்கு, உன் சின்னப் பாட்டி எழுதுவது. நான் சுகம், முழங்கால் மட்டும் சுகமில்லை. உன் சுகத்தை விசாரிக்கும் மனநிலையில் இன்று நான் இல்லை.

நம் தியேட்டரில் படத்தின் பின்பாதி முன்னால் ஓடிய அன்றைக்கு ஆபரேட்டர் அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். உன் தாத்தா. அவர் தம்பி, அதாவது என் வீட்டுக்காரர். ஆபரேட்டர் சோடாபுட்டி. டிக்கெட் கிழிக்கிற நெட்டையன். சாப்பாட்டுத் தூக்கோடு படியேறிப் போன நான். வேறு எவனாவது தானும் இருந்ததாகச் சொன்னால் அவன் வாயில் மண்.

வாசலில் பதிக்கப்போகிற கல்லுக்கு நீ எழுதியதைப் பேத்தி வாசித்துக் காட்டினாள். தியேட்டரைக் கட்டியது என் மாமனார், சரி. மூடுகிற நிலைக்கு வந்ததைத் 'தம் புதுமையான யோசனையால்' தூக்கி நிறுத்தியது உன் தாத்தா என்று போட்டிருக்கிறாயே, அது எந்த ஊர் நியாயம்? நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது, எலிகூட அடுத்த தெருத் தியேட்டருக்குக் குடிபோய்விட்டது. அன்று சோடாபுட்டி கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்து படத்தின் பின்பாதிச் சுருள்களை முதலில் மாட்டிவிட்டான், எடுத்த எடுப்பிலேயே கதாநாயகன் செத்துப்போனான், நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் வந்திருந்த கொஞ்சம் பேரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள், அழுகிறவர்களை எப்படி எழுப்பி அனுப்புவது? இடைவேளை முடிந்ததும் செத்தவன் சைக்கிளில் மணியடித்துக்கொண்டு வந்தான் பார், நாற்காலிமேல் ஏறி விசிலடித்தார்கள்.

உன் தாத்தா தலையில் அடித்துக்கொண்டார். "மானமே போச்சுடா! இன்னையோட பூட்டுடா தியேட்டர!"

நெட்டையன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "மொதலாளி, படம் முடிஞ்சும் ஒருத்தரும் எந்திரிக்க மாட்டேங்கிறாங்க!"

என் வீட்டுக்காரர் சுவர் ஓட்டை வழியாகக் கீழே பார்த்தார். "அண்ணே, நாளைக்கும் இப்பிடியே ஓட்டுவோம்."

"கிறுக்கா ஒனக்கு?"

"செத்தவன் பொழச்சு வர்றத எவண்ணே வேண்டாம்பான்?"

மறுநாள் கூட்டம் தெருவை அடைத்தது. 'செத்தவன் எழுந்து வருகிற தியேட்டர்' என்றே பெயர் ஆனது. செத்துக்கொண்டிருந்த தியேட்டரும் எழுந்தது.

ஆகவே கல்லில் என் வீட்டுக்காரர் பெயர் வரவேண்டும். உன் தாத்தா பெயருக்குக் கீழே அல்ல, மேலே. இல்லையென்றால் கல் திறக்கிற அன்று வாசலில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் இந்தக் கதையைச் சொல்லுவேன். முழங்கால்தான் போயிற்று, தொண்டை போகவில்லை.

பிள்ளைகுட்டியோடு நன்றாயிரு. திரை கிழியாமல், நாற்காலி காலியாகாமல் ஓடட்டும்.

உன் சின்னப் பாட்டி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போன பேத்தி கேட்டாள், "நம்ம தாத்தாவே ஏன் பாட்டி இத யார்கிட்டயும் சொல்லல?" பத்திரிகைக்காரன் வந்து கேட்டபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். "எல்லாம் அண்ணன் யோசனைதான்" என்றார் என் வீட்டுக்காரர், முகம் மாறாமல். வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தேன். "அப்பா கட்டுனத நாம மூடப்போறோமேன்னு அண்ணன் அழுதத நீ பாத்தியா? நான் பாத்தேன். பேரு அவருக்கே இருந்துட்டுப் போகட்டும்டி" என்றார்.

அதனால் கல்லில் கைவைக்காதே. அது அவர் ஆசைப்பட்டுச் சொன்ன பொய், அப்படியே இருக்கட்டும். உன் தாத்தாவை மன்னித்துவிட்டேன், சோடாபுட்டியையும் மன்னித்துவிட்டேன். என் வீட்டுக்காரரை மட்டும் மன்னிக்கமாட்டேன்.